கட்டியவர் யார்? ஒரகடத்துக்கு ஒரு விமர்சகர் வேண்டும்

இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் வரை நீளும் தொழிற்பேட்டைகளில் என்னென்ன தயாராகின்றன என்று கேட்டால் இந்தப் பகுதியில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஹூண்டாய் கார், பாரத்பென்ஸ் லாரி, புல்லட், அப்போலோ டயர், ஐபோன். அந்த ஆலைகளைக் கட்டியவர் யார் என்று கேட்டால் பதில் வராது. உள்ளே பத்து வருடம் வேலை பார்த்தவருக்கும் பெரும்பாலும் தெரியாது. அவரிடமே ‘நாயகன்’ படத்துக்குக் கேமரா யார், செட் போட்டது யார் என்று கேட்டால் பி.சி. ஸ்ரீராம், தோட்டா தரணி என்று தயங்காமல் சொல்ல வாய்ப்பிருக்கிறது. இத்தனைக்கும் அந்தப் படத்துக்காகச் சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் எழுப்பிய தாராவி, படப்பிடிப்பு முடிந்ததும் பிரித்துப் போடப்பட்டது. ஒரகடத்து ஆலைகள் இன்னும் நிற்கின்றன.

இந்த வேறுபாடு எப்படி வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பல நாட்டுக் கட்டுமான நிறுவனங்கள் நம் நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து நம் நிலத்தில் எழுப்பியவற்றைப் பற்றி நம்மிடம் பேச்சே இல்லை. தொண்ணூறு ஆண்டுகளாக நாம் விடாமல் வளர்த்துவரும் சினிமா விமர்சனத்திலோ பேச்சுக்குக் குறைவே இல்லை. சினிமாவைப் பார்க்கப் பழகிய கண்ணோடு கட்டடத்தையும் பார்க்க முடியும், பார்த்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் கூட்டுகளைப் பார்ப்போம். கட்டுமானத்தில் அந்நியர் கூட்டு நமக்குப் புதிதல்ல. இந்திய நிறுவனங்கள் என்று நாம் நினைக்கும் பெரிய ஒப்பந்ததாரர்கள் பலர் பிறந்ததே வெளிநாட்டார் கையில்தான். கேமன் இந்தியாவை 1922இல் தொடங்கியவர் ஜான் கேமன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். பம்பாயின் கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு அடித்தளம் போட்டது அவருடைய நிறுவனம். லார்சன் அண்ட் டூப்ரோ, சிமெண்ட் இயந்திர வேலையாக இந்தியா வந்த இரண்டு டேனிஷ் பொறியாளர்கள் 1938இல் பம்பாயில் சேர்ந்து தொடங்கிய கூட்டு. கட்டுமானத்துக்கென்று அவர்கள் 1944இல் உருவாக்கிய ஈ.சி.சி.யின் தலைமையகம் பின்னாளில் சென்னை மணப்பாக்கத்தில் அமைந்தது. அந்த வாசலில் இருந்து பூந்தமல்லி சாலையைப் பிடித்தால் நேரே ஸ்ரீபெரும்புதூருக்குப் போய்விடலாம். ஆஃப்கான்ஸ் நிறுவனத்தின் வேர் 1959இல் ரோடியோ என்ற சுவிஸ் அடித்தள நிறுவனம் ஒரு பம்பாய் நிறுவனத்தோடு செய்துகொண்ட கூட்டில் இருக்கிறது. ஐ.டி.டி. சிமெண்டேஷன் என்று அறியப்பட்ட நிறுவனம் பிரிட்டிஷ்காரர்களிடம் தொடங்கி, பின்னர் ஸ்வீடனின் ஸ்கன்ஸ்காவுக்கும், அங்கிருந்து தாய்லாந்தின் இத்தாலியன்-தாய் நிறுவனத்துக்கும் கைமாறியது. 2024இல் அதானி குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் அதை வாங்க முன்வந்தது.

உரிமையாளர்கள் இப்படி மாறிக்கொண்டே இருக்கும்போது ஊரில் தங்குவது எது? ஆட்கள்தாம் என்று நினைக்கிறேன். வேலை பழகிய பொறியாளர்களும் மேஸ்திரிகளும் ஊரை விட்டுப் போவதில்லை. ஈ.சி.சி.யில் பணியாற்றிய பொறியாளர்கள் சிலர் 1997இல் வெளியே வந்து சென்னையில் சி.சி.சி.எல். நிறுவனத்தைத் தொடங்கினார்கள். டேனிஷ்காரர்கள் போட்ட விதை அறுபது வருடத்தில் உள்ளூர் விதைநெல்லாகிவிட்டது. ஒரு கூட்டின் தரத்தை அளக்க எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் இதுதான்: அது கலைந்த பிறகு, அது செய்த வேலையைத் தனியாகச் செய்யக்கூடியவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் மிஞ்சினார்கள்?

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் கட்டுமானக் கூட்டு மூன்று விதமாக வந்து சேர்ந்தது. முதலாவது, வாடிக்கையாளர் பின்னால் வருவது. ஜப்பானிய ஆலை முதலாளிகள் தங்கள் நாட்டில் தங்களுக்குக் கட்டிக்கொடுத்தவரையே இங்கும் விரும்புவார்கள். தகேனாகா, ஒபயாஷி, ஷிமிசு போன்ற நிறுவனங்கள் இந்தியாவில் கிளை திறந்தது இந்தத் தேவைக்காகத்தான். வரைபடமும் தரக் கட்டுப்பாடும் அவர்கள் பொறுப்பு. மண்வேலை, கான்கிரீட், சுவர் எல்லாம் உள்ளூர் ஒப்பந்ததாரர். அவருக்குக் கீழே சப் கான்ட்ராக்ட், அதற்கும் கீழே லேபர் கான்ட்ராக்டர், கடைசியில் பீகாரிலும் ஒடிசாவிலும் திருவண்ணாமலையிலும் இருந்து வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் ஆட்கள். இந்த ஏணியில் மேலே இருப்பவர் பெயர் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் வரும். கீழே இருப்பவர் பெயர் வருகைப் பதிவேட்டோடு நின்றுவிடும்.

இரண்டாவது, கட்டுமானப் பொருள் செய்யும் கூட்டு. இதை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் நம் ஊர்த் தோற்றத்தை ஆழமாக மாற்றியதில் இதற்குப் பெரும் பங்குண்டு. டாடா ஸ்டீலும் ஆஸ்திரேலியாவின் ப்ளூஸ்கோப்பும் 2005இல் சம பங்கில் தொடங்கிய டாடா ப்ளூஸ்கோப்புக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஆலை உண்டு. சைட்டில் பி.இ.பி. ஷெட் என்கிறார்களே, அந்த வகைக் கட்டடத்துக்கான சட்டங்களும் கூரைத் தகடுகளும் இத்தகைய ஆலைகளில் அளவெடுத்து வெட்டித் துளையிட்டே வருகின்றன. சைட்டில் தூக்கி நிறுத்தி போல்ட் முடுக்கினால் போதும். நடுவில் தூண் இல்லாமல் அகலமான கூரை கிடைக்கிறது. கொத்தனாரின் மாதங்கள் கிரேனின் வாரங்களாகச் சுருங்குகின்றன. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2008இல் ஒப்பந்தம் ஆகி 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. அந்த வேகத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கட்டுமுறையையும் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் 2000 முதல் கண்ணாடி செய்யும் பிரான்சின் செயின்ட் கோபேனும் இந்த வரிசையில் வரும். இன்று கிராமத்துக் கல்யாண மண்டபத்துக்கும் நிறம் பூசிய இரும்புக் கூரை வந்துவிட்டது. அது தரும் வசதி எவ்வளவு, சித்திரை வெயிலில் அதன் கீழே நிற்பவர் படும் பாடு எவ்வளவு என்று யாராவது உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டாமா?

மூன்றாவது, டெண்டருக்காகச் சேரும் கூட்டு. சைட்டில் ‘ஜே.வி.’ என்றால் பெரும்பாலும் இதுதான். பெரிய அரசு வேலைகளின் ஒப்பந்தப்புள்ளியில் முன்னனுபவம் கேட்பார்கள். இத்தனை ஆண்டுக்குள் இத்தனை நீளம் சுரங்கம் தோண்டியிருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனை. உள்ளூர் நிறுவனத்திடம் ஆளும் பணமும் இருக்கும், அந்தச் சான்று இருக்காது. வெளிநாட்டு நிறுவனத்திடம் சான்று இருக்கும், ஊர் தெரியாது. இரண்டும் சேர்ந்தால் தகுதி வந்துவிடும். வேலை கொடுப்பவரிடம் இரு தரப்பும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று எழுதிக் கொடுப்பார்கள். ஒருவர் கைவிட்டால் முழுச் சுமையும் மற்றவர் தலையில். காகிதத்தில் இது கெட்டியான ஏற்பாடு.

அந்த ஏற்பாடு உண்மையில் எப்படி நடக்கும் என்பதைச் சென்னை மெட்ரோவின் முதல் கட்டம் காட்டியது. சுரங்க வேலைக்கு மூன்று கூட்டுகள் வந்தன: ஆஃப்கான்ஸோடு ரஷ்யாவின் டிரான்ஸ்டனல்ஸ்ட்ராய், எல் அண்ட் டி.யோடு ஷாங்காய் நகர்ப்புறக் கட்டுமானக் குழுமம், கேமனோடு மாஸ்கோ மெட்ரோவையே 1931 முதல் கட்டிவந்த மாஸ்மெட்ரோஸ்ட்ராய். அனுபவத்தில் மூன்றாவது கூட்டை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பாதியில் நின்றது அதுதான். அண்ணா சாலைக்கு அடியில் சைதாப்பேட்டை நோக்கிப் போன வேலை நொண்டி நொண்டி நகர்ந்து, 2015 தொடக்கத்தில் ஒப்பந்தம் முறிந்தது. மிச்ச வேலையை ஆஃப்கான்ஸும் எல் அண்ட் டி.யும் முடித்தன. மேலே அண்ணா சாலையில் தடுப்புத் தகரங்கள் வருடக்கணக்கில் நின்றன. கடைக்காரர்கள் வியாபாரம் இழந்தார்கள். ஏ.ஜி.–டி.எம்.எஸ். முதல் வண்ணாரப்பேட்டை வரை ரயில் ஓடியது 2019 பிப்ரவரி 10இல்.

அந்த வருடங்களில் நாளிதழ்கள் சதவீதம் எழுதின: சுரங்கம் இவ்வளவு முடிந்தது, இவ்வளவு பாக்கி. கூட்டு ஏன் உடைந்தது என்பதை மட்டும் ஒரு கதையாக, பாத்திரங்களோடும் காரணங்களோடும், யாரும் தமிழில் எழுதி நான் படித்ததில்லை. ரஷ்யப் பொறியாளருக்கும் உள்ளூர் ஃபோர்மேனுக்கும் நடுவே மொழி எப்படி வேலை செய்தது? பணம் யார் கையில் நின்றது? சென்னையின் களிமண்ணும் பாறையும் மாறி மாறி வரும் பூமியை முன்கூட்டி எவ்வளவு சோதித்தார்கள்? வெற்றி பெற்ற கூட்டுகளிடமிருந்து நம் பொறியாளர்கள் கற்றது என்ன? ஒரு படம் பாதியில் நின்றுபோனால் இதைவிட நூறு மடங்கு விவரம் நமக்குத் தெரிந்திருக்கும்.

சென்னை விமான நிலையம் இன்னொரு பாடம். 2013 ஜனவரியில் திறக்கப்பட்ட புதிய முனையங்களின் வடிவமைப்பில் நியூயார்க்கின் ஃபிரடெரிக் ஷ்வார்ட்ஸ், ஜென்ஸ்லர், டெல்லியின் கிரியேட்டிவ் குரூப் ஆகியோர் இருந்தார்கள். கட்டுமானம் கனடாவின் எர்வே பொமர்லோவும் நம் சி.சி.சி.எல்.லும் சேர்ந்த கூட்டு. திறந்த பிறகு கூரைப் பலகைகளும் கண்ணாடிகளும் திரும்பத் திரும்ப விழுந்தன. இது எத்தனையாவது தடவை என்று பத்திரிகைகள் எண்ணி எழுத, வாசகர்கள் சிரித்தார்கள். எண்ணுவது விமர்சனம் ஆகாது. வடிவமைப்பில் கோளாறா, பொருத்தியதில் கோளாறா, பராமரிப்பிலா, ஒப்பந்தத்தில் இந்த மூன்றும் யார் யாருக்குப் பிரிந்திருந்தன? இதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்த ஒரு எழுத்து இருந்திருந்தால் அந்தச் சிரிப்பு ஒரு பொதுக் கேள்வியாக மாறியிருக்கும்.

இங்கேதான் சினிமா விமர்சனத்தின் ஈர்ப்பு என்ன என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ‘காளிதாஸ்’ 1931இல் வந்தபோதே சுதேசமித்திரன் அதைப் பற்றி எழுதியது. பின்னால் ஆனந்த விகடன் படத்துக்கு மதிப்பெண் போடத் தொடங்கியபோது, தமிழ் வீடுகளில் பரீட்சை முடிவைப் போல அதைப் பேசினார்கள். 1977இல் ‘16 வயதினிலே’ வாங்கிய 62.5ஐ இன்றும் நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டு. தபால் துறை அதிகாரியாக இருந்த தியடோர் பாஸ்கரன், சுதந்திரத்துக்கு முந்தைய மௌனப் படங்களையும் பேசும் படங்களையும் ஆவணக் காப்பகங்களில் தேடி 1981இல் தந்த நூல், தமிழ்ப் படங்களுக்கு ஓர் அரசியல் வரலாறு உண்டு என்று நிறுவியது. கார்த்திகேசு சிவத்தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து இதே கேள்வியை வேறு பக்கமிருந்து அணுகினார். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆர். பிம்பத்தைப் பிரித்துப் பார்த்தார். அம்ஷன் குமார் ரசனையைச் சொல்லிக்கொடுக்கும் விதமாக எழுதினார். ‘நிழல்’, ‘காட்சிப்பிழை’ போன்ற இதழ்கள் வந்தன.

மதிப்பெண்தான் ஈர்ப்பு என்றால் இத்தனை எழுத்து தேவைப்பட்டிருக்காது. ஒரு நல்ல விமர்சனம் படிக்கும்போது என்ன நடக்கிறது? ஒன்றாகத் தெரிந்த பொருள் பல கைகளாகப் பிரிகிறது. அந்த இருட்டு ஒளிப்பதிவாளருடையது, அந்த மௌனம் படத்தொகுப்பாளருடையது, அந்தச் சுவரின் ஈரம் கலை இயக்குநருடையது என்று தெரிகிறது. தெரிந்த பிறகு படம் சின்னதாகிவிடுவதில்லை. நமக்கு அதில் உரிமை வந்துவிடுகிறது. டிக்கெட் வாங்கியவர் பார்வையாளராக இருந்து, பேசத் தகுதி உள்ளவராக மாறுகிறார். சினிமா விமர்சனத்தின் வசீகரம் இந்தத் தகுதி உயர்வில் இருக்கிறது என்று நம்புகிறேன்.

சினிமாவிலும் அந்நியர் கூட்டு இருந்தது. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் 1936 முதல் தமிழ்ப் படங்களை இயக்கினார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1952இல் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து ‘தி ஜங்கிள்’ எடுத்தது. தமிழில் அது ‘காடு’. டங்கனிடமிருந்து இங்குள்ளவர்கள் எதைக் கற்றார்கள், எதை அவர் இங்கிருந்து கற்றார் என்பது இன்று ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது, ஏனென்றால் எழுதும் பழக்கம் இருந்தது. மாஸ்மெட்ரோஸ்ட்ராயின் பொறியாளர்களைப் பற்றி அப்படி ஒரு பக்கம்கூட இல்லை.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். படம் பொதுவில் ஓடுகிறது, ஆலை மதிலுக்குள் இருக்கிறது. வாடிக்கையாளர் அனுமதியில்லாமல் புகைப்படம்கூட வெளியிடக்கூடாது என்பது இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமான நிபந்தனை. தொழில்நுட்பம் தெரியாதவர் கட்டடத்தைப் பற்றி என்ன எழுதிவிட முடியும் என்றும் கேட்பார்கள். லென்ஸ் பற்றி ஒன்றும் தெரியாமல் தொடங்கிய சினிமா விமர்சகர்கள்தாம் நாளடைவில் கற்றுக்கொண்டார்கள் என்பது கடைசிக் கேள்விக்குப் பதில். மதில் பற்றிய தடை வலுவானது. ஆனால் ஆலையின் நிலம் மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் கையகப்படுத்திக் கொடுத்தது. அதன் தண்ணீரும் சாலையும் மின்சாரமும் பொதுவில் இருந்து போகின்றன. அதன் மழைநீர் பொது ஏரிக்கு வருகிறது. அவ்வளவு பொதுப் பணமும் பொது நிலமும் கலந்த ஒன்றைத் தனியார் விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது.

விமர்சனம் இல்லாத இடத்தில் அதன் வேலையைச் செய்ய வருவது விசாரணைக் கமிஷன். 2014 ஜூன் 28 மாலை சென்னைப் புறநகரான மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள். நீதிபதி ரகுபதி தலைமையில் கமிஷன் அமைந்தது. பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் கூடிப் பார்த்தது. மண் எப்படிப்பட்டது, தூண் எவ்வளவு தாங்கும், மேற்பார்வையாளர் எத்தனை நாள் வந்தார் என்ற கேள்விகள் எல்லாம் இடிந்த பிறகே தமிழ்ப் பத்திரிகைகளுக்கு வந்தன.

சில சமயம் உள்ளே இருப்பவர்களே விமர்சனம் எழுதிவிடுகிறார்கள், உடம்பால். 2021 டிசம்பரில், இங்கே ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கானின் பெண் தொழிலாளர்கள் சிலர் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்று மருத்துவமனைக்குப் போனார்கள். மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் தங்கியிருந்த அறைகளின் நெரிசலும் கழிப்பறைகளின் நிலையும் அப்போதுதான் உலகச் செய்தி ஆயின. உலகத் தரத்துக் கூரையின் கீழ் எட்டு மணி நேரம் நின்ற பெண்ணுக்கு, மீதி நேரம் எந்தக் கூரை என்று அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பை ₹706.50 கோடியில் சிப்காட் கட்டியது; 2024 ஆகஸ்டில் அதைத் திறந்தார்கள். அந்தக் கட்டடத்தைப் பற்றி எனக்குக் கேட்க நிறைய இருக்கிறது. இரவு ஷிப்ட் முடித்து வருபவர் பகலில் தூங்க முடியுமா? ஜன்னல் எந்தத் திசை? ஊரிலிருந்து வரும் அம்மா எங்கே உட்காருவார்? இவை பொறியியல் தெரியாதவரும் கேட்கக்கூடிய, ஆனால் பொறியாளர் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள்.

ஒரகடத்து விமர்சகர் பார்க்க வேண்டியதில் முதலிடம் தண்ணீருக்கே தருவேன். இந்தப் பகுதி ஏரிகளின் நாடு. ஒரகடம், மணிமங்கலம், சோமங்கலம், ஆதனூர் என்று ஏரிக்கு ஏரி கைகோர்த்து நீர் அடையாற்றுக்குப் போகும். மேற்கே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து நீர் செம்பரம்பாக்கம் சேரும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதைப் பேசாத சென்னைவாசி இல்லை. அதற்கு மேலே, ஆலை மனைகளை லாரி லாரியாக மண் கொட்டி உயர்த்தியபோது பழைய வாய்க்கால்கள் என்ன ஆயின என்பதைப் பேசியவர்கள் குறைவு. தளத்தின் மட்டத்தைத் தீர்மானித்தவர் எந்த நாட்டு அலுவலகத்தில் இருந்தார், அவருக்கு இந்த ஏரிச் சங்கிலியின் வரைபடத்தைக் காட்டியவர் யார்? ஒரு கூட்டு நல்ல கூட்டா என்பதை அந்த ஒரு கேள்வியே சொல்லிவிடும். உள்ளூர்க் கூட்டாளி வெறும் ஆள் சப்ளை செய்தாரா, ஊரின் அறிவையும் மேசைக்குக் கொண்டுவந்தாரா என்பது அதில் தெரியும்.

அடுத்தது, பெயர். தஞ்சைப் பெரிய கோயிலில் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பெயர் கல்லில் இருக்கிறது. துணைத் தச்சர்கள் பெயரும் இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முன் ராஜராஜன் அதற்கு இடம் கொடுத்தான். நம் தொழிற்பேட்டையில் வேலை நடக்கும்போது வாசலில் ஒரு பலகை நிற்கும்: உரிமையாளர், ஆலோசகர், ஒப்பந்ததாரர். திறப்பு விழாவுக்கு முதல் நாள் அதைக் கழற்றிவிடுவார்கள். பிறகு ஆலை கைமாறும். டைம்லரின் ஒரகடத் திட்டம் ஹீரோ குழுமத்தோடு கூட்டாகத் தொடங்கி, 2009இல் ஹீரோ விலகி, 2012இல் டைம்லர் தனியாகத் திறந்தது. நோக்கியா 2006இல் உற்பத்தி தொடங்கிய வளாகம் 2014இல் மூடிக் கிடந்து, பின் சால்காம்ப் கைக்குப் போனது. ரெனோ–நிசான் ஆலையில் நிசானின் பங்கை ரெனோ வாங்குவதாக 2025இல் அறிவிப்பு வந்தது. அடுத்து வருபவருக்குக் கட்டடத்தின் உண்மையான வரைபடம், எந்தத் தூண் எதைத் தாங்குகிறது, எங்கே கம்பி எவ்வளவு போட்டார்கள் என்ற விவரம் முழுதாகப் போய்ச் சேருகிறதா? சிப்காட் தன் ஒதுக்கீட்டு நிபந்தனையில் இரண்டைச் சேர்க்கலாம்: கட்டியவர், வடிவமைத்தவர், கணக்குப் போட்ட பொறியாளர் ஆகியோரின் பெயர்ப் பலகை வாசலில் நிரந்தரமாக இருக்க வேண்டும்; கட்டி முடித்த வரைபடத்தின் ஒரு படி சிப்காட்டிடம் இருக்க வேண்டும். வணிக ரகசியம் எதுவும் இதனால் கெட்டுப்போகாது.

மூன்றாவதாக, எழுத ஆள் வேண்டும். கட்டுமானப் பொறியியல் படித்துவிட்டு எழுத்தில் ஆர்வமுள்ள இளைஞர்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏராளம். பலர் இப்போது மூன்று நிமிடக் காணொளியில் படத்தை விமர்சித்துக்கொண்டிருக்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். ஷாட்டைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு ஒரு ஷெட்டைப் பிரித்துப் பார்ப்பது கைவராத வித்தை அல்ல.

வாய்ப்பும் காத்திருக்கிறது. எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் வரை 132.87 கிலோமீட்டர் சுற்றுவட்டச் சாலை, ஜப்பானின் ஜைக்கா போன்ற வெளிநாட்டு நிதியோடு, இந்தப் பகுதியைத் தொட்டுக்கொண்டு போகிறது. பூந்தமல்லி மெட்ரோவை ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பரந்தூருக்கு நீட்டும் திட்டம் இருக்கிறது. அங்கே திட்டமிட்டிருக்கும் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடுகிறார்கள். எங்கள் ஏரி என்ன ஆகும், எங்கள் வயல் எந்த ஓடுதளத்துக்கு அடியில் போகும் என்று அவர்கள் கேட்பது, இன்னும் கட்டாத கட்டடத்தின் மீதான விமர்சனம்தான். இந்த வேலைகளுக்கான கூட்டுகள் டெண்டர் மேசையில் உருவாகும்போதே, எந்த நாட்டு நிறுவனம் யாரோடு சேருகிறது, எந்தப் பொறுப்பு யாருக்கு, ஊரின் அறிவை யார் கொண்டுவருகிறார்கள் என்று விசாரித்து எழுத, வெள்ளிக்கிழமைப் படத்துக்கு ஆள் அனுப்பும் தமிழ்ப் பத்திரிகை ஒன்று ஏகனாபுரத்துக்கும் ஒரகடத்துக்கும் ஓர் ஆளை இப்போதே நியமிக்கலாம்.